துன் சம்பந்தனும் தோட்ட நிலமும்

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது தானா ராத்தா. கேமரன் மலை மாவட்டத்தின் தலைநகரான இச்சிற்றூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் தேயிலைச் செடிகள் அடர்ந்திருக்கின்றன. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இம்மலைப் பகுதியில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் இந்திய வணிகக் குடும்பம் ஒன்று பாரத் தோட்டத்தை நிறுவியது. இத்தோட்டங்களில் கொழுந்து பறித்தும் ஆலையில் உழைத்தும் தேயிலைத் தொழிலை வளர்த்தவர்களுள் தமிழர்கள் கணிசமானோர்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வாசலில் நட்ட முருங்கை, பின்புறத்தில் போட்ட காய்கறிப் பாத்தி, பிள்ளைகள் படித்த பள்ளி, வேண்டுதல் செலுத்திய அம்மன் கோவில் ஆகிய எல்லாமே தோட்ட நிலத்தில்தான் நின்றன. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். நிலம் கைமாறினால் அந்தக் கூரையின் கதி என்ன என்ற கேள்வி, மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கும் விடையில்லாத கேள்வியாகவே இருந்தது.

தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை அக்கேள்வி அவ்வளவு கூர்மையாக எழவில்லை. அதற்குக் காரணம் தேயிலையின் இயல்பு. பறித்த கொழுந்து வாடி வீணாவதற்கு முன், அன்றே ஆலைக்குச் சென்றாக வேண்டும். வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தும் ஆலை பக்கத்தில் இல்லாமல் ஐந்து ஏக்கர் தேயிலையை மட்டும் வைத்திருப்பவர் அதிகம் சம்பாதிக்க முடியாது. ஆகவே, தேயிலைத் தோட்டத்தை வெட்டித் துண்டு துண்டாக விற்பதில் இலாபம் குறைவு. ரப்பர் அப்படியன்று. பால்மரம் ஐந்து ஏக்கரில் இருந்தாலும் பயன் தரும். சீவியெடுத்த பாலை உறைய வைத்து, கையால் சுற்றும் உருளையில் தகடாக்கி, புகையிட்டு உலர்த்திப் பக்கத்துப் பட்டணத்துக் கடையில் விற்றுவிடலாம். பெரிய தோட்டத்தின் துணை அதற்குத் தேவையில்லை. சமவெளியில் இருந்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் துன்பம் ஒருவகையில் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கியது.

தித்திவாங்சா மலைத்தொடரின் ஒரு பக்கம் தானா ராத்தா என்றால், மறுபக்கம் பேராக் மாநிலம். அங்கே மேற்கு அடிவாரத்தில் உள்ள சுங்கை சிப்புட் நகரில், 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தவர் வீ. தி. சம்பந்தன். திருஞானசம்பந்தன் என்பது முழுப்பெயர். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். எனவே, சம்பந்தன் வளர்ந்தது தொழிலாளியின் லயத்தில் அன்று, முதலாளியின் வீட்டில். பின்னாளில் அவர் செய்த வேலையை விளங்கிக்கொள்ள இதை மறவாமலிருப்பது நல்லது. தோட்டக் கணக்குப் புத்தகத்தை உரிமையாளர் பக்கத்திலிருந்து படிக்கத் தெரிந்தவர் அவர்.

கோலகங்சார் கிளிப்பர்டு பள்ளியில் படித்த பிறகு, தமிழகத்தின் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியடிகளின் கொள்கைகள் அவரை ஆழமாகப் பாதித்தன. மலாயா திரும்பிய பின், தந்தையார் விட்டுச் சென்ற தோட்டங்களைக் கவனித்தவாறே பொதுவாழ்வில் இறங்கினார். 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசில் சேர்ந்து உழைத்தார். சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்க அக்கலாசாலை வழி செய்தது.

1955ஆம் ஆண்டில் ம.இ.கா.வின் ஐந்தாவது தேசியத் தலைவரானார். அதே ஆண்டில் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் கூட்டணி வெற்றி பெற்றபோது, துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர் பொறுப்பை ஏற்றார். பின்னர்ச் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு எனப் பல துறைகளை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நிருவகித்தார். நாட்டின் விடுதலைக்கு உழைத்த தலைவர்களுள் ஒருவராக வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவை விரிவாகச் சொல்லும் அரசியல் பணியை இங்கு விட்டுவிட்டு, அவை சுருக்கமாகச் சொல்லும் ஒரு வணிகப் பணியைக் காண்போம்.

1950ஆம் ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல விற்பனைக்கு வந்தன. கொரியப் போரின்போது ரப்பர் விலை உயர்ந்தது, பிறகு இறங்கியது. செயற்கை ரப்பர் சந்தையில் போட்டியிடத் தொடங்கியது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பிறகு என்ன ஆகுமோ என்ற ஐயமும் அயல்நாட்டு உரிமையாளர்களிடம் இருந்தது. நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிடலாம் எனச் சிலர் முடிவு செய்தனர்.

வாங்கியவர்களுள் பலருக்குத் தோட்டம் நடத்தும் எண்ணம் இல்லை. ஆயிரம் ஏக்கரை மொத்த விலைக்கு வாங்கி, பத்து ஏக்கர், ஐந்து ஏக்கர் எனக் கூறு போட்டுச் சில்லறை விலைக்கு விற்றனர். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையிலான வேறுபாடே அவர்களது இலாபம். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர் வழங்கலாயிற்று. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். சிக்கல் அந்த அளவுக்குப் பெரியதாக இருந்தது.

துண்டாடலின் விளைவைத் தொழிலாளியின் வாசலிலிருந்து பார்க்க வேண்டும். மலாயாவில் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே தோட்டம் எனக் கணக்கிடப்பட்டது. அதற்குக் குறைந்தால் அது சிறுதோட்டம். பெரிய தோட்டத்தில் மருந்தகம் இருந்தது. ஆயாக் கொட்டகை இருந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி இருந்தது. தொழிற்சங்கம் பேசி முடித்த ஊதியம் இருந்தது. நிலம் முப்பது பேருக்குப் பிரிந்துபோன மறுநாள், இவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்க யாருமில்லை. புதிய உரிமையாளர் தம் குடும்பத்தாருடன் தாமே மரம் சீவிக்கொள்வார். அல்லது குறைந்த கூலிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வார். எஞ்சியவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. காலையில் பெரட்டுக்கு மணியடித்த இடத்தில் மூட்டை முடிச்சுகளோடு நின்ற குடும்பங்களுக்குச் செல்லுமிடம் தெரியவில்லை. அவர்களுள் பலரிடம் குடியுரிமைப் பத்திரமும் இல்லாதிருந்தது இடரை இருமடங்காக்கியது.

1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில் துண்டாடலை எதிர்த்துக் குரல் கொடுத்தது. துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. ஆயினும், நிலம் வைத்திருப்பவர் அதை விற்பதைத் தடுப்பது எளிதன்று. விற்பவருக்குப் பணம் வேண்டும். அப்பணத்தைத் தருவோர் தரகர்களாக மட்டுமே இருந்தால், நிலம் தரகர் கைக்குத்தான் போகும். சம்பந்தன் இந்த இடத்தில் ஓர் உரிமையாளரைப் போலச் சிந்தித்தார். விற்பனையைத் தடுக்க முடியாவிட்டால், வாங்குபவராகத் தொழிலாளியே சந்தைக்குள் நுழைய வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

கேட்பதற்கு இது கற்பனை போலத் தோன்றும். நாள் கூலி சில வெள்ளியே பெற்ற தொழிலாளி, பல இலட்சம் வெள்ளி பெறுமானமுள்ள தோட்டத்தை எப்படி வாங்குவது? 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமே அதற்கு விடை. ஒரு பங்கின் மதிப்பு 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் பத்து வெள்ளியில் தொடங்கித் தவணையாகச் செலுத்தலாம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால், அந்தச் சிறு தொகைகளே ஒரு தோட்டத்தின் விலையாகும்.

கூட்டுறவு என்பது தொழிலாளர்களுக்கு முற்றிலும் புதியதன்று. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் நெசவாளர் சிலர் சிறுசிறு தொகை சேர்த்துத் தொடங்கிய கடை, உலகெங்கும் கூட்டுறவு இயக்கம் பரவ வழிவகுத்தது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதன்பின் தோட்டங்களில் சிக்கனச் சங்கங்கள் ஏற்பட்டன. திருமணம், மருத்துவம், ஊர்ப்பயணம் முதலியவற்றுக்காகத் தொழிலாளர்கள் அவற்றில் பணம் சேர்த்தார்கள். சேமித்த பணத்தைச் செலவுக்குத் திரும்ப எடுப்பதே அதுவரை வழக்கம். அதே பணத்தால் நிலத்தை வாங்கலாம் என்பதே சம்பந்தன் கொண்டுவந்த மாற்றம்.

அவர் ஏன் கூட்டுறவுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார், ஏன் ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனத்தை அமைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நிறுவனமாக இருந்தால், நான்கைந்து செல்வந்தர்களிடம் மூலதனம் திரட்டுவது எளிது. அவருக்கு அத்தகைய அறிமுகங்களும் இருந்தன. ஆனால், நிறுவனத்தில் பங்குக்கு ஏற்ப வாக்கு. அதிகப் பங்கு வைத்திருப்பவர், நல்ல விலை வந்தால் நிலத்தை விற்கச் சொல்வார். அவரைத் தடுக்க முடியாது. கூட்டுறவிலோ ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. பத்துப் பங்கு வைத்திருப்பவரும் ஒரே பங்கு வைத்திருக்கும் சீவுத் தொழிலாளியும் பொதுக்கூட்டத்தில் சமம். தொழிலாளி வெளியேற்றப்படக் கூடாது என்பதே நோக்கம் எனில், அவரை வெளியேற்றும் முடிவை எடுக்கும் அதிகாரம் வேறொருவரிடம் போய்ச் சேராத அமைப்பு வேண்டும். நோக்கம் முதலில் வந்தது; அதற்குப் பொருந்திய சட்ட வடிவம் பின்னர் வந்தது.

மூலதனம் திரட்டும் முறையையும் அந்நோக்கமே முடிவு செய்தது. செல்வந்தரிடம் ஒரு காசோலை வாங்குவதைவிட, நூறு தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளி வாங்குவது கடினமான வேலை. அமைச்சராக இருந்துகொண்டே சம்பந்தன் அவ்வேலையைச் செய்தார். தோட்டம் தோட்டமாகச் சென்றார். கோவில் திடலிலும் பெரட்டுக் களத்திலும் மக்களைக் கூட்டிப் பேசினார். உறுப்பினராகுமாறு கேட்டுக்கொண்டார்.

பத்து வெள்ளி அன்று சிறு தொகையன்று. பல நாள் உழைப்பின் ஊதியம் அது. அதைக் கொடுத்தால் அம்மாதம் மளிகைக் கடைக் கடன் கூடும். பிள்ளைக்குச் சட்டை வாங்குவது தள்ளிப்போகும். கொடுத்த பணம் திரும்புமா என்ற அச்சமும் இயல்பானதே. கங்காணி காலத்திலிருந்தே, தம் பெயரில் பிறர் கணக்கெழுதி ஏமாற்றியதைக் கண்டவர்கள் அவர்கள். தம் தோட்டம் இன்னும் விற்கப்படவில்லையே, எங்கோ உள்ள தோட்டத்துக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று தயங்குவோரும் இருந்திருப்பர். உண்மையில், சங்கம் முதலில் எந்தத் தோட்டத்தை வாங்கும் என்பது பணம் கட்டியவர்களுக்குத் தெரியாது. தம் கூரையைக் காக்கக் கொடுத்த பணம், வேறொருவரின் கூரையை முதலில் காக்கக்கூடும். அதை அறிந்தும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள்.

1961ஆம் ஆண்டில் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. கெடா மாநிலத்தில், ஏறக்குறைய மூவாயிரம் ஏக்கர் பரப்புள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அது. தொடங்கி ஓராண்டளவில் இத்தகைய தோட்டத்தைச் சங்கம் வாங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பர். தோட்டம் துண்டாடப்படவில்லை. அங்கிருந்த தொழிலாளர்கள் அதே லயத்தில் வாழ்ந்து, அதே நிரையில் மரம் சீவினர். மாறியது உரிமையாளரின் பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்குள் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்களும் அடங்கியிருந்தன.

புக்கிட் சீடிம் வாங்கப்பட்டதோடு சங்கத்தின் சிக்கல்கள் தீரவில்லை, ஒருவகையில் தொடங்கின. தோட்டம் வாங்குவது ஒரு நாள் நிகழ்ச்சி; அதை நடத்துவது முப்பதாண்டு வேலை. ரப்பர்க் கன்று நட்டால், சீவும் பருவம் வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். பிறகு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தரும். அதன்பின் மரத்தை வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். நிலத்தைக் கூறுபோட்டு விற்பவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. மரம் கிழடானால் அது வாங்கியவர் பாடு. நிலத்தை விற்பதற்காக வாங்காத சங்கமோ அந்த ஆறேழு ஆண்டுகளைத் தாண்டியாக வேண்டும். மறுநடவு செய்த நிரையில் அதுவரை வருமானம் இல்லை. அங்கே சீவியவருக்கோ வேலை கொடுத்தாக வேண்டும். எனவே, தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் புதுப்பிப்பதும், வேலையை மாற்றிக் கொடுப்பதும், இலாபம் முழுவதையும் பங்காதாயமாகப் பிரித்துவிடாமல் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதும் சங்கத்தின் கடமையாயின. 1960ஆம் ஆண்டுகளில் நாடு செம்பனையின் பக்கம் திரும்பியபோது, கூட்டுறவுச் சங்கமும் அம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் அதைவிட நுட்பமானது. புக்கிட் சீடிமில் சீவுபவர் ஊதியம் உயர வேண்டும் என விரும்புவார். தொலைவில் வேறொரு தோட்டத்தில் இருந்துகொண்டு பங்கு வாங்கியவர், பங்காதாயம் உயர வேண்டும் என விரும்புவார். இருவருமே தொழிலாளர்கள், இருவருமே உரிமையாளர்கள். ஊதியத்தை ஏற்றினால் ஆதாயம் குறையும். ஆதாயத்தை ஏற்ற ஊதியத்தைப் பிடித்தால் சங்கத்துக்கும் பழைய துரைக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். தொழிலாளிக்குரியதைக் கொடுத்த பின்னரே ஆதாயம் என்பதுதான் நோக்கத்துக்குப் பொருந்தும் வரிசை. ஆனால், ரப்பர் விலை விழும் ஆண்டுகளில் அவ்வரிசையைக் காப்பது எந்தத் தலைமைக்கும் எளிதாக இருந்திருக்காது. தனியார் தோட்டத்தில் இத்தகைய தடுமாற்றம் எழுவதில்லை. அங்கு இலாபம் யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை.

அரசாங்கமும் அக்காலத்தில் நிலமில்லாதோருக்கு நிலம் தரும் பணியில் ஈடுபட்டிருந்தது. 1956இல் அமைந்த பெல்டா, காடுகளைத் திருத்திப் புதிய குடியேற்றங்களை உருவாக்கியது. சம்பந்தனின் சங்கம் எடுத்துக்கொண்ட பணி வேறு. ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த நிலத்தை, அவர்கள் எழுந்து போகாதபடி வாங்குவது அது. அதற்குச் சந்தை விலை கொடுக்க வேண்டும். அவ்விலையைக் கொடுக்கத் தரகர்களும் காத்திருந்தார்கள். அதனால், சங்கத்தின் கையில் எப்போதும் பணம் இருக்க வேண்டியிருந்தது. உறுப்பினர் சேர்க்கை ஒருபோதும் நிற்க முடியாததாயிற்று.

அடுத்து வந்த ஆண்டுகளில் சங்கம் மேலும் பல தோட்டங்களை வாங்கியது. சம்பந்தனோடு இணைந்து உழைத்த கே. ஆர். சோமசுந்தரம் பின்னாளில் நீண்ட காலம் சங்கத்தை வழிநடத்தினார். உறுப்பினர்களின் பிள்ளைகளுடைய கல்விக்குச் சங்கம் உதவி வழங்கியது. கோலாலம்பூரில் சங்கத்துக்கென எழுந்த கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் எனப் பெயர் பெற்றது.

என்றாலும், துண்டாடலைச் சங்கம் நிறுத்திவிட்டதாகக் கூறுவது மிகையாகும். சங்கம் பிறப்பதற்கு முன்பே பல தோட்டங்கள் கூறுபட்டுவிட்டன. பிறந்த பிறகும், விற்பனைக்கு வந்த எல்லாத் தோட்டங்களையும் வாங்க அதனிடம் பணம் இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டிய நிலை வந்தபோது, தோட்டத் தொழிலாளர்களுள் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுக்குப் பத்து வெள்ளிப் பங்கு எந்த வகையிலும் உதவியிருக்க முடியாது. காப்பாற்றப்பட்ட லயங்களோடு காப்பாற்றப்படாத லயங்களையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைக் கணக்கிட வேண்டும்.

சம்பந்தனின் சொந்தக் கணக்கும் குறிப்பிடத்தக்கது. பொதுவாழ்வில் நுழைந்தபோது அவர் கணிசமான பூர்வீகச் சொத்துடையவர். கட்சிப் பணிக்கும் பிறருக்கு உதவுவதற்கும் அச்சொத்தை அவர் செலவிட்டார். தந்தையார் சேர்த்த தோட்ட நிலம் அவர் கையில் சிறுகச் சிறுகக் குறைந்தது. அதே ஆண்டுகளில், தொழிலாளர்களின் பெயரில் இருந்த நிலம் ஏக்கர் ஏக்கராகக் கூடியது. தோட்ட முதலாளி ஒருவரின் வாழ்க்கையில் இப்படியொரு கணக்கு அரிதானது.

1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அதன்பின் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு அறுபது வயதுகூட நிறைவடையவில்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள முதன்மைச் சாலையும், அதனருகே உள்ள ஒற்றைத் தண்டவாள இரயில் நிலையமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நாள்தோறும் அவ்வழியே பயணம் செய்வோருள், தாத்தாவோ பாட்டியோ பத்து வெள்ளி கட்டிச் சங்கத்தில் சேர்ந்த குடும்பத்தினரும் இருக்கக்கூடும். சங்கம் இன்னும் தோட்டங்களை நடத்தி வருகிறது. அன்று வாங்கிய பங்குகள் பல, மகன், மகள், பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாறியுள்ளன.